மாமனார் முதுகில் வைத்த கால்

இன்பானின் வலது குதிகாலை முதல்முறை பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிக்காமல் இருந்ததில்லை. காய்ந்த வாழைமட்டை நிறம், ஓரமெல்லாம் வெடிப்பு, அதைத் தோல் என்று சொன்னால் தோலுக்கே கோபம் வரும். செக்கச்செவேலென்று காய்ந்த ஏர்க்கொழுவின் மேல் வருஷக்கணக்காக வைத்து எடுத்த கால் வேறு எப்படி இருக்கும்? வட தாய்லாந்தில் லம்பாங் பக்கத்தில் இடுப்புப் பிடித்தவன், கையைத் தூக்கித் தலைசீவ முடியாதவள், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து நொண்டுகிறவன் எல்லோரும் ஹுவாய்தொங் ஊருக்கு வந்து படுத்தது அந்தக் காலுக்குக் கீழேதான். முகம் சுளித்தவர்கள்கூட எழுந்து போகும்போது அந்தக் காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

வைத்தியம் இதுதான். முதலில் கை. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து, எங்கே சதை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பான். அகப்பட்டதும் அங்கேயே அழுத்தி, படுத்திருப்பவர் மூச்சு விடும்வரை காத்திருப்பான். முழங்காலை மடக்கி எதிர்ப்பக்கம் சாய்ப்பான், தொடையை உருட்டுவான். கைக்கு மசியாத இடத்துக்குத்தான் கால். கரியடுப்பில் கொழு காயும். பிளாய் என்கிற இஞ்சிவகைக் கிழங்கு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயில் குதிகாலை முக்கி, கொழுவின் மேல் ஒரு தட்டுத் தட்டுவான். குப்பென்று தீ எழும்பும். அது அடங்கிய சூட்டோடு வலிக்கிற இடத்தில் கால் இறங்கும்.

பார்க்கிறவர்களுக்குத் தீதான் பெரிது. தொழில் தெரிந்தவர்களுக்கு அது பெரிதில்லை. தலைக்கு மேலே குறுக்கே ஒரு மூங்கில் கம்பு கட்டியிருக்கும். மிதிக்கிறவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தன் எடையைத் தூக்கிக்கொள்வான். எவ்வளவு எடையைக் கீழே விடுவது, எவ்வளவை மேலே நிறுத்துவது என்பதைக் கைதான் முடிவு செய்யும். வித்தை அங்கே இருக்கிறது.

இன்னொருவர் மேல் காலை வைப்பது அங்கேயும் சாதாரணக் காரியம் இல்லை. அதனால் பூவும் வெற்றிலையும் அரிசியும் வைத்த தட்டைக் குருவுக்குப் படைத்துக் கும்பிட்டுவிட்டு, படுத்திருப்பவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிள்ளையாக இருந்தாலும் கேட்க வேண்டும். தொழிலை எடுக்கும்போதே ஒரு சத்தியமும் உண்டு. இந்தக் காலைக் கோபத்தில் ஒரு நாய் மேல்கூட ஓங்குவதில்லை.

இந்தச் சத்தியத்தைச் செய்த மனுஷன்தான் புத்தர் கோயில் மண்டபத்தில், ஊரே கூடியிருந்தபோது, தன் மாமனாரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை விட்டான்.

மாமனார் வோங்சா வாய்க்கால் தலைவர். எந்த மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அவர் கையில். நெடுநெடுவென்று உயரம், நரைத்த புருவம், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார், திட்டுவதற்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது அந்த ஊர் வழக்கம். இன்பானும் அவர் மகள் புவாலோயைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் போனான். அவர் வயலில் உழுதான், அவர் எருமையை மேய்த்தான், அவர் திட்டையும் தின்றான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. வாய்க்கால் அணையில் மூங்கில் முளை அடிக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டிய அன்று இன்பான் போகவில்லை. கழுத்துத் திருப்ப முடியாமல் அழுதுகொண்டு வந்த ஒருத்தியைப் படுக்கவைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். வேலைக்கு வராதவனுக்குத் தண்ணீர் இல்லை என்பது ஊர் விதி. மருமகன் என்றும் பார்க்காமல் கிழவர் மதகை அடைத்தார். இன்பான் தனியாகக் குத்தகைக்கு நிலம் எடுத்துப் போட்டிருந்த பூண்டு நின்ற இடத்திலேயே காய்ந்தது.

கூட்டத்தில் அவன் எழுந்து நியாயம் கேட்டான். கிழவர் வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"ஒத்தத் தலையணையைத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வந்தவன் நீ. அதுல இருந்த பஞ்சும் என் மரத்துப் பஞ்சு. நீ எந்தத் தண்ணியைப் பத்திடா பேசுற?"

மண்டபம் சிரித்தது. மனைவியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். இன்பானுக்குக் காதெல்லாம் எரிந்தது.

"ஒரு நாள் உங்க முதுகுல ஏறி மிதிக்கல, நான் இன்பான் இல்ல!" என்றான்.

சிரிப்பு அறுந்துபோனது. பெரிய பிட்சு விசிறியை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மாமனாரை மிதிப்பேன் என்று சொல்வதே பாவத்துக்குப் போதும். மிதிப்பதையே வைத்தியமாகச் செய்கிறவன் சொன்னால் அது வைத்தியத்தின் மேலேயே காறித் துப்பின மாதிரி. வீட்டுக்கு வருவதற்குள் அவனுக்கே அது உறைத்துவிட்டது. குருத்தட்டின் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டான். கேட்க வேண்டிய ஆளிடம் மட்டும் கேட்கவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனிக்குடித்தனம் போனான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுவருஷமும் பெரியவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி மன்னிப்புக் கேட்கும் நாளில், புவாலோய் மட்டும் அப்பா வீட்டுக்குப் போவாள். இன்பான் அவளை மோட்டார் சைக்கிளில் வாய்க்கால் பாலம் வரைக்கும் கொண்டுபோய் விடுவான். வண்டியை அணைக்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அவள் திரும்பி வரும்வரை அங்கேயே நிற்பான். பாலத்தடியில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த நுவான் அக்காவுக்கு அது வருஷா வருஷம் கொண்டாட்டம்.

"ஏன்டா இன்பான், பாலத்தைத் தாண்டினா கால் சுட்டுடுமா? கொழுவையே மிதிக்கிற காலாச்சே!"

அவன் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி அந்தப் பேச்சை மறைத்துவிடுவான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் கிழவர் அணைக்கட்டில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்பு முறியவில்லை, சதைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள், பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். கிழவர் மாத்திரையை விழுங்கினார், பயிற்சி சொன்ன பெண்ணைத் திட்டிவிட்டு வந்துவிட்டார். இடுப்பு மடங்கினது மடங்கினபடியே நின்றது.

"அப்பா கக்கூஸுக்குத் தவழ்ந்து போறாருங்க," என்றாள் புவாலோய். சோற்றுக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல்.

"மே தா ஊர்ப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காரு. நல்ல கை. கூட்டிட்டுப் போ."

"அவரும் காலாலதானே மிதிப்பாரு?"

"அவர் மிதிக்கிறேன்னு முன்னாடியே சபதம் போடல, லோய்."

அவள் அழுதாள். சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை. சோறு உருட்டின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல பாலத்துல போயிட்டு வந்தே என் வயசு போச்சு. எனக்காகப் போங்க."

கிழவரிடமும் அவளே கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாராம்: "வரச் சொல்லு. எப்படியும் ஊருக்கு ஒரு கதை வேணும்."

ஊர் அதைக் கேட்காமலே புரிந்துகொண்டது. முதல் நாள் சாயங்காலம் இன்பான் கொழுவையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு போனபோது முற்றம் நிறைய ஆள். ஒருவர் அரிவாள் கேட்க வந்திருந்தார், ஒருத்தி கோழியைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். நுவான் அக்கா எந்தச் சாக்கும் சொல்லவில்லை, கடையை மூடிவிட்டு நாற்காலியோடு வந்துவிட்டாள்.

தட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு, இன்பான் கிழவர் தலைமாட்டில் மண்டியிட்டான். "மன்னிச்சுக்குங்க. கால் வைக்கிறேன்," என்றான். எல்லா நோயாளியிடமும் சொல்கிற வார்த்தைதான். அன்று அதைத் தரையைப் பார்த்துச் சொன்னான். கிழவர் "ம்" என்றார், அவ்வளவுதான்.

அன்று கையோடு நிறுத்திக்கொண்டான். இடது இடுப்பெலும்புக்கு மேலே கயிறு போல ஒரு முடிச்சு. கட்டைவிரலை வைத்ததும் கிழவர் உடம்பு முழுக்க விறைத்தது. வலிக்காக மட்டும் அல்ல. யார் விரல் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. இன்பான் அவசரப்படவில்லை. அந்த மூச்சு இறங்கும்வரை பொறுத்து, இறங்கினதும் இன்னும் கொஞ்சம் உள்ளே போனான். மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே. பிறகு பாய்க்கு மேலே குறுக்கே மூங்கில் கம்பைக் கட்டிக் காலும் வைத்தான், நியாயமாகவே வைத்தான். இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. நடுவில் புவாலோய்.

"எருமை மாதிரி மிதிக்க வேண்டாம்னு சொல்லு அவன்கிட்ட."

"எருமை மாதிரி முதுகை விறைக்க வேண்டாம்னு சொல்லு உங்கப்பாகிட்ட."

இதைக் கேட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கிழவர் முதுகு கொஞ்சம் தளர்ந்ததை இன்பான் கால் உணர்ந்தது. அடுத்த நாளே கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இன்னும் நான்கைந்து சாயங்காலம் போனால் நிமிர்ந்துவிடுவார் என்று இன்பானுக்குத் தெரிந்துவிட்டது. வெறும் வைத்தியமாகவே எல்லாம் முடிந்திருக்கும்.

நுவான் அக்காவுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. கொழுவில் தீ எழும்பி, சூடான கால் கிழவர் முதுகில் இறங்கின நேரம் பார்த்துச் சொன்னாள்:

"ஆனாலும் பாருங்கப்பா, இன்பான் சொன்ன சொல் தவறாத மனுஷன்! மிதிப்பேன்னான், மிதிச்சிட்டான்!"

முற்றம் குலுங்கிச் சிரித்தது. கிழவர் கீழே கிடந்தார், இன்பான் மேலே நின்றான். இந்த முறை சிரிப்பு அவன் பக்கம் இருந்தது. எத்தனையோ வருஷம் கழித்து வந்த சிரிப்பு. அவனும் சிரித்துவிட்டான். சிரித்தபடியே கம்பிலிருந்து இரண்டு கையையும் விட்டான்.

நழுவியது என்று அவனால் பிறகு ஒருபோதும் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. விட்டான். முழு எடையும் குதிகாலில் இறங்கியது. இடுப்பில்கூட இல்லை, அதற்கு மேலே விலாவில். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கிழவர் மூச்சு முழுக்க வெளியே வந்தது. அடுத்த நொடியே கம்பைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் காலையும் தீயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை ஒருவரும் பார்க்கவில்லை.

"கேட்டுச்சா? பிடிப்பு கழண்டுடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

கிழவர் எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. மெல்ல நின்றார். நிமிர்ந்தும் நின்றார், ஏனென்றால் இடுப்பு ஏற்கனவே வழிக்கு வந்திருந்தது. முற்றம் கைதட்டியது. அந்த ஒரு மிதியில்தான் சரியாயிற்று என்று ஊர் தீர்மானித்துவிட்டது. கிழவர் மருமகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஆமா, அதுலதான்," என்றார்.

இன்பானுக்குத் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போல இருந்தது.

மறுநாள் புவாலோய் வந்து, "அப்பா முதுகுல நீலமா கன்னிப்போயிருக்கே, ஏங்க?" என்று கேட்டாள்.

"சூடு பட்டா சிலருக்கு அப்படித்தான் ஆகும்," என்றான். அவள் நம்பினாள். அவன் சொன்னால் அவள் எதையும் நம்புவாள், அதுதான் தாங்கவில்லை.

அதன் பிறகு அவன் பேர் எங்கெங்கோ போயிற்று. பகையாளி மாமனாரையே மிதித்து நிமிர்த்தினவன் என்று புதுப்புது ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் அந்த 'டக்'கைப் பற்றிக் கேட்டார்கள், எங்களுக்கும் அதே மாதிரி ஒரு மிதி போடுங்கள் என்றார்கள். குதிகாலில் புண் என்று பொய் சொல்லிப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினான். கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு வந்தது. ஊர்ச் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டிருப்பான், அதில் தன் குரலும் இருந்ததுதான் அவனை அரித்தது. ஒரு கிழவரைப் படுக்கவைத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாத பக்கமிருந்து மிதித்தவன். நேருக்கு நேர் நின்று ஒரு அறை விட்டிருந்தால்கூட இத்தனை கேவலம் இல்லை.

புதுவருஷம் வந்தது. வண்டி பாலத்தில் நிற்காமல் தாண்டிப்போனதைப் பார்த்து நுவான் அக்கா கரண்டியால் பாத்திரத்தில் தாளம் போட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த புவாலோய் மடியில் வெள்ளிக் கிண்ணம். சீயக்காய் நெற்றும் மல்லிகையும் ஊறின தண்ணீர். வழியெல்லாம் அவள் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டு வந்தாள்.

வீடு நிறைய உறவு. இன்பான் கிழவர் முன்னால் மண்டியிட்டு, நீட்டின கையில் தண்ணீரை ஊற்றினான். "தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது எல்லாத்தையும் மன்னிச்சுக்குங்க மாமா," என்றான். எல்லோரும் சொல்கிற வாசகம். கிழவரும் எல்லோரும் சொல்கிற மாதிரியே, "மன்னிச்சேன், நல்லா இருங்க," என்று ஈரக்கையை அவன் தலையில் தடவினார்.

அவன் எழவில்லை. "மாமா, அன்னைக்கு..."

"நீ கம்பை விட்ட," என்றார் கிழவர், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எத்தனை சாயங்காலம் உன் கால் என் மேல இருந்துச்சு. எது மருந்து, எது மருந்து இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

கிழவர் தாடையை அசைத்துக் காட்டினார். அங்கே புவாலோய் யாருக்கோ இலையில் சோறு வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இவ இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு. அதைக் கெடுக்கச் சொல்றியா?" என்றவர், குரலை உயர்த்தினார். "லோய்! அடுப்புல கொழுவைப் போடு. இடுப்பு மறுபடி பிடிக்குது. உன் புருஷன் பாக்கட்டும்."

ஆட்கள் உற்சாகமாக நகர்ந்து இடம் விட்டார்கள். பாயில் கிழவர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தார். இன்பான் பழக்கத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு வந்தான். இடது விலாவில் விரல் நின்றது. தோலுக்குக் கீழே கோணலாகக் கூடியிருந்த ஒரு சின்ன மேடு. தொட்டதும் கிழவர் பல்லைக் கடித்தது தெரிந்தது. இத்தனை மாதம் இருமும்போதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு இருமியிருப்பார், வயலில் குனியும்போதெல்லாம் குத்தியிருக்கும். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

"என்னங்க, முடிச்சா?" என்று கேட்டாள் புவாலோய், எண்ணெய்க் கிண்ணத்தோடு குனிந்து.

தலையை ஆட்டியிருந்தால் போதும். கிழவரே அதற்குத்தான் வழி பண்ணியிருந்தார். இன்பான் விரலை எடுக்கவில்லை.

"முடிச்சு இல்ல லோய். ஒடிஞ்சு கூடின எலும்பு. நான் ஒடிச்சது. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ கம்பை விட்டுட்டேன். நழுவல. வேணும்னே விட்டேன்."

பேச்சு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. கடையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்திருந்த நுவான் அக்கா, கையிலிருந்த கரண்டியை மடியில் இறக்கி வைத்தாள். புவாலோய் கையில் கிண்ணம் சாய்ந்து எண்ணெய் பாயில் ஒழுகியது, அவள் கவனிக்கவில்லை. கணவனைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் இன்பானுக்குத் தன்னை எங்கே கொண்டுபோய் ஒளித்துக்கொள்வதென்று புரியவில்லை. எழுந்து போய்விடப் பார்த்தான்.

"எங்கடா போற?" என்றார் கிழவர், தலையைத் தூக்காமலே. "சொல்ல வேண்டாம்னேன், சொல்லிட்ட. இடுப்பு பிடிச்சது பொய் இல்ல. காலை வை."

அவன் எழுந்து நின்று, மேலே கட்டினபடியே இருந்த கம்பைப் பிடித்தான். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. எண்ணெயில் குதிகாலை முக்கிக் கொழுவைத் தட்டினான், தீ ஆளுயரம் எழும்பியது. அன்று ஒருவரும் தீயைப் பார்க்கவில்லை. மாமனார் இடுப்பில் கால் இறங்கும்போது வீட்டிலிருந்த அத்தனை கண்ணும் அவன் இரண்டு கைகளின் மேல் இருந்தன, புவாலோயின் கண்ணும்.